பழைய வயரிங் வீட்டில் ஸ்மார்ட் சுவிட்ச்: முழுமையான வழிகாட்டி

ஸ்மார்ட் சுவிட்ச் (மொபைலிலிருந்தும் விளக்கை இயக்கும் சுவிட்ச்) விளம்பரத்தில் காட்டும் வீட்டில் போர்டைக் கழற்றினால் சிவப்பு, கறுப்பு, பச்சை என்று வயர்கள் ஒழுங்காகப் பிரிந்து நிற்கும். நம் ஊர் வீடுகள் அப்படியில்லை. எழுபதுகளில் கட்டி, எண்பதுகளில் பின்பக்கம் ஒரு அறை சேர்த்து, வீட்டில் ஒரு கல்யாணம் வந்தபோது மாடி எழுப்பி, பிறகு கரண்ட் கட் தாங்காமல் இன்வெர்ட்டருக்கென்று தனியாக ஒரு வயர் இழுத்த வீடுகள். ஒவ்வொரு முறையும் வேறு எலக்ட்ரீசியன், வேறு கை, கடையில் அன்றைக்குக் கிடைத்த நிறத்தில் வயர்.

அதனால் முதலில் போர்டைத் திறந்து பாருங்கள், சுவிட்சை அப்புறம் வாங்குங்கள். தள்ளுபடி விலை என்று நான்கு பட்டன் டச் பேனல்களை வாங்கி அடுக்கிவிட்டு, அதற்குப் பிறகு போர்டைத் திறந்து பார்ப்பவர்கள்தான் சிக்கிக்கொள்கிறார்கள். எந்த ஸ்மார்ட் சுவிட்ச் உங்களுக்குப் பொருந்தும் என்பதைச் சுவருக்குள் இருக்கும் வயர்தான் முடிவு செய்யும்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு நீங்களே ஸ்குரூ டிரைவரைத் தூக்க வேண்டியதில்லை. மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும் நிலையில் செய்யும் சோதனைகளை உரிமம் பெற்ற ஒயர்மேன் செய்யட்டும். ஆனால் பழைய வீட்டு வேலையை நன்கு அறிந்த ஒயர்மேனுக்கு ஸ்மார்ட் மாட்யூல் (சுவிட்சுக்குப் பின்னால் போர்டுக்குள் வைக்கும் சின்ன மின்னணுப் பெட்டி) புதிதாக இருக்கும். மாட்யூல் மாட்டிப் பழகிய பையனுக்கு மரக் கேசிங் வயரிங் புதிதாக இருக்கும். இடையில் நின்று சரியான கேள்வி கேட்க வீட்டுக்காரருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

சுவரில் இருப்பது எந்தக் காலத்து வயர்?

மரச்சட்டத்துக்குள் வயரை வைத்து மேலே மரப்பட்டை அடித்த கேசிங் வயரிங் என்றால் உள்ளே பெரும்பாலும் ரப்பர் உறையும் அதன்மேல் துணிப் பின்னலும் கொண்ட வயர் இருக்கும். தேக்குப் பட்டையில் தகரக் கிளிப் போட்டு ஓட்டிய பேட்டன் வயரிங் அதற்குச் சற்றுப் பிந்தியது. இந்த ரப்பர் நாற்பது ஐம்பது வருடத்தில் காய்ந்துபோயிருக்கும். வளைத்தால் பொடியாக உதிரும். இதுதான் உங்கள் வீட்டு நிலைமை என்றால் கட்டுரையை இங்கேயே நிறுத்திவிட்டு ரீவயரிங் மதிப்பீடு வாங்குங்கள். அந்த வயரில் ஸ்மார்ட் சுவிட்ச் மாட்டுவது வீண் செலவு மட்டுமில்லை, தொட்ட இடமெல்லாம் உறை விரிந்து புதிதாக ஒரு ஆபத்தும் உண்டாகும்.

அடுத்தது அலுமினியம். தாமிரம் கிடைக்காத, கிடைத்தாலும் விலை தாங்காத காலத்தில் கட்டிய பல வீடுகளில் ஒற்றை இழை அலுமினிய வயர்தான் ஓடுகிறது. முனையைச் சுரண்டிப் பார்த்தால் வெள்ளி நிறம். (ஈயம் பூசிய தாமிரமும் வெள்ளையாகத்தான் தெரியும், வெட்டுவாயைப் பாருங்கள், நடுவில் சிவப்புத் தெரிந்தால் தாமிரம்.) அலுமினியம் ஸ்குரூ அழுத்தத்தில் மெல்ல மெல்ல நசுங்கி இடம் கொடுக்கும், மேலே ஆக்சைடு படியும், இணைப்பு தளர்ந்து சூடாகும். இதைத் தாமிர வயரோடு முறுக்கி டேப் சுற்றுவது தீக்கு வழி. மாட்யூலின் சின்ன டெர்மினலில் நேரடியாகச் செருகுவதும் கூடாது. இரண்டு உலோகத்துக்கும் என்று குறிப்பிட்டுச் செய்த கனெக்டர் வழியாக மட்டும் தாமிரத்துக்கு மாற வேண்டும். எத்தனை போர்டில் இதைச் செய்வீர்கள் என்று எண்ணிப் பார்த்தால் மாற்றிப் போடுவதே மேல் என்று தோன்றும்.

பிவிசி உறையுள்ள தாமிர வயர் என்றால் பெரிய கவலையில்லை. பழைய ஒயர்மேன்கள் சொல்லும் 1/18, 3/20, 7/20 கணக்கு (இழைகளின் எண்ணிக்கை, பிறகு இழையின் கேஜ் எண்) இன்றும் காதில் விழும்: முதலாவது ஏறத்தாழ 1.2 சதுர மி.மீ., இரண்டாவது 2, மூன்றாவது 4.6. விளக்கு, ஃபேன் வேலைக்கு 1/18 போதும். புதிதாக வாங்கும் வயரில் ஐஎஸ் 694 என்ற எண்ணும் ஐஎஸ்ஐ முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள்.

நிலைமை சந்தேகமாக இருந்தால் ஒயர்மேனிடம் 500 வோல்ட் மெகர் (வயர் உறை கசிகிறதா என்று அளக்கும் கருவி) வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். பேஸுக்கும் (கரண்ட் வரும் வயர்) எர்த்துக்கும் (தரைக்குப் போகும் பாதுகாப்பு வயர்), பேஸுக்கும் நியூட்ரலுக்கும் (கரண்ட் திரும்பும் வயர்) இடையே ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் எங்கோ உறை போயிருக்கிறது அல்லது ஈரம் இறங்கியிருக்கிறது. பல்பு, ஃபேன், டிவி எல்லாவற்றையும் பிரித்த பிறகு, மாட்யூல் மாட்டுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய சோதனை இது. மாட்டிய பிறகு மெகர் வைத்தால் மாட்யூல் போய்விடும்.

மெயினை இறக்கினால் போதாது

தமிழ்நாட்டு வீடுகளில் இதை இரண்டு முறை சொல்ல வேண்டும். மெயின் சுவிட்சை இறக்கிய அந்த நொடியில் இன்வெர்ட்டர் கரண்ட் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு பேட்டரியிலிருந்து 230 வோல்ட்டை அனுப்பத் தொடங்கும். போர்டில் பாதி வயர்கள் அப்போதும் உயிரோடு இருக்கும். இன்வெர்ட்டரின் முன்பக்க பட்டனை மட்டும் அணைத்தால் பேட்டரி வழி நிற்கும். ஆனால் பல இன்வெர்ட்டர்களில் ஈபி கரண்ட் உள்ளே புகுந்து அப்படியே வெளியே போய்க்கொண்டிருக்கும். ஆகவே இரண்டும் வேண்டும்: மெயின் ஆஃப், இன்வெர்ட்டர் ஆஃப். பேட்டரியோடு கூடிய சோலார் இருந்தால் அதுவும்.

த்ரீ பேஸ் இணைப்பு உள்ள வீட்டில் ஒரு ஃபியூஸ் கட்டையை உருவினால் ஒரு பேஸ்தான் போகும். மூன்றையும் உருவி, கட்டைகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். யாராவது "என்னடா கரண்ட் இல்லை" என்று வந்து திரும்பச் செருகாமல் இருக்க இதைவிட நல்ல பூட்டு இல்லை.

பிறகு டெஸ்டர் வைத்துப் பாருங்கள். நியான் டெஸ்டர் எரியவில்லை என்றால் கரண்ட் இல்லை என்று நம்பிவிடாதீர்கள். முதலில் கரண்ட் உள்ள ஒரு பிளக் பாயின்டில் வைத்து டெஸ்டர் வேலை செய்கிறதா என்று பார்த்து, அதன் பிறகு மெயினை இறக்கி, மறுபடி இங்கே சோதிக்க வேண்டும். மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது.

போர்டைத் திறந்த பிறகு

பழைய போர்டு என்றால் மரப்பெட்டி, மேலே ஹைலம் ஷீட் (கெட்டியான பழுப்புப் பலகை), அதில் வரிசையாகப் பியானோ சுவிட்சுகள், ஓரத்தில் ஒரு ஐந்து ஆம்பியர் பிளக் பாயின்ட், பக்கத்தில் ஃபேன் ரெகுலேட்டர். ஷீட்டின் நான்கு மூலை ஸ்குரூக்களையும் கழற்றி மெதுவாக முன்னால் இழுங்கள். உள்ளே பல்லி முட்டை ஓடு, எறும்பு மண், கருகிய டேப் எல்லாம் இருக்கும். பெயின்ட் பிரஷ் வைத்துத் துடைத்துவிட்டுப் போட்டோ எடுங்கள்: நேராக ஒன்று, பக்கவாட்டில் இரண்டு, சுவிட்ச் முதுகு தெரிய ஒன்று. ஒரு வயரையும் கழற்றுவதற்கு முன்னால் ஒவ்வொன்றிலும் பேப்பர் டேப் சுற்றி எழுதுங்கள்: ஹால் டியூப், ஹால் ஃபேன், திண்ணை லைட்.

மரப்பெட்டியைக் கேலி செய்பவர்களுக்கு ஒரு செய்தி: ஸ்மார்ட் மாட்யூலுக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. புதிய வீடுகளில் சுவருக்குள் புதைத்த இரும்புப் பெட்டி ஆழம் குறைந்தது, வைஃபையையும் மறைக்கும். மரப்பெட்டியில் இடமும் தாராளம், சிக்னலும் தடையில்லாமல் வரும்.

வயர்களைப் படிப்பது எப்படி? ஒரு சுவிட்சிலிருந்து அடுத்த சுவிட்சுக்குத் துண்டு துண்டாகத் தாவிப் போவது பேஸ் லூப். சுவிட்சின் மறுமுனையிலிருந்து தனித்தனியாக மேலே ஏறுவது விளக்குக்கும் ஃபேனுக்கும் போகும் வயர்கள். பிளக் பாயின்டில் ஒரு சின்னத் துளைக்குச் சுவிட்ச் வழியே பேஸ் வரும், இன்னொரு சின்னத் துளையில் வந்து முடிவது நியூட்ரல். நிறத்தை நம்பாதீர்கள். கறுப்பு என்றால் நியூட்ரல், பச்சை என்றால் எர்த் என்பது விதி. பழைய போர்டில் பச்சை வயரில் பேஸ் வருவதும் உண்டு.

ஒரு போர்டுக்குள் இரண்டு பேஸ் இருப்பது நம் வீடுகளில் மிகச் சாதாரணம். ஒன்று நேரடி ஈபி லைன், பிளக் பாயின்டுக்கு. இன்னொன்று இன்வெர்ட்டர் லைன், விளக்குக்கும் ஃபேனுக்கும். த்ரீ பேஸ் வீட்டில் பின்னால் சேர்த்த அறைக்கு வேறொரு பேஸும் வந்திருக்கலாம்; அப்படியானால் ஒரே பெட்டிக்குள் இரண்டு வயருக்கிடையே சுமார் 400 வோல்ட் இருக்கும். எந்த இரண்டு பேஸையும், தெரிந்தோ தெரியாமலோ, ஒரு கனெக்டரில் சேர்த்துவிடக் கூடாது. ஈபி பேஸையும் இன்வெர்ட்டர் பேஸையும் சேர்த்தால் கரண்ட் திரும்பி வரும்போது இன்வெர்ட்டர் போகும்.

நியூட்ரல் வேட்டை

சாதாரண சுவிட்ச் ஒரு கதவுதான். பேஸ் வரும், திறந்தால் போகும், அதற்கு நியூட்ரல் தேவையில்லை. ஸ்மார்ட் சுவிட்சுக்குள் வைஃபை சிப்பும் ரிலேயும் (மின்சாரத்தால் இயங்கும் சின்ன சுவிட்ச்) இருப்பதால் விளக்கு அணைந்திருக்கும்போதும் அதற்குச் சோறு போட வேண்டும். அதற்குத்தான் நியூட்ரல். வெளிநாட்டு வீடியோக்களில் இதைப் பெரிய தலைவலியாகக் காட்டுவார்கள். நம் வீடுகளில் அந்தத் தலைவலி பாதிதான். காரணம், போர்டில் கூடவே இருக்கும் அந்த பிளக் பாயின்ட். பிளக் பாயின்ட் இருந்தால் நியூட்ரல் இருக்கிறது. குளியலறைக்கு வெளியே, மாடிப்படி அடியில், கொல்லைப்புறத்தில் ஒற்றைச் சுவிட்சாக நிற்கும் இடங்களில்தான் பேஸும் விளக்கு வயரும் மட்டும் இருக்கும். நியூட்ரல் மேலேயே சீலிங் ரோஸிலிருந்து (கூரையில் விளக்கு வயர் இணையும் வட்டக் கட்டை) சீலிங் ரோஸுக்குப் போயிருக்கும்.

சோதிக்கும்போது பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பேஸுக்கும் ஒரு வயருக்கும் இடையே மல்டிமீட்டர் 230 காட்டுகிறது, எனவே அது நியூட்ரல் என்று முடிவு கட்டுவார்கள். அது விளக்குக்குப் போகும் வயராக இருக்கலாம். ஹோல்டரில் பல்பு இருக்கும்வரை அந்த வயர் பல்பு வழியாக நியூட்ரலைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறது. மீட்டருக்கு வித்தியாசம் தெரியாது. எனவே சோதனைக்கு முன் எல்லாப் பல்புகளையும் டியூப்களையும் கழற்றுங்கள், ஃபேன் வயரை ரெகுலேட்டரிலிருந்து பிரித்துவிடுங்கள். அதன் பிறகும் 230 காட்டும் வயர், எர்த்தாக இல்லாத வரை, நியூட்ரல். டிஜிட்டல் மீட்டர் சில நேரம் பக்கத்து வயரின் தூண்டலால் 60, 90 என்று பொய்யாகக் காட்டும். அப்போது ஒயர்மேன் வைத்திருக்கும் குண்டு பல்பு டெஸ்ட் லேம்ப்தான் தீர்ப்பு. எர்த் இல்லை என்று உறுதியான வயரில் முழு வெளிச்சத்தில் எரிந்தால் உண்மையான நியூட்ரல். ஆனால் மீட்டரில் 400 காட்டிய இடத்தில் டெஸ்ட் லேம்பை வைத்துவிடாதீர்கள், பல்பு வெடிக்கும்.

கூடவே இன்னொரு சோதனை. சுவிட்ச் ஆஃப் நிலையில் விளக்கு ஹோல்டரின் இரண்டு முனையிலும் டெஸ்டர் எரியக் கூடாது. எரிந்தால், முன்பு யாரோ பேஸையும் நியூட்ரலையும் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். சுவிட்ச் நியூட்ரலைத்தான் துண்டிக்கிறது. அணைத்த பிறகும் எல்இடி பல்பு மினுக் மினுக்கென்று லேசாக எரிந்துகொண்டிருக்கும் வீடுகளில் பெரும்பாலும் இதுதான் கதை. ஸ்மார்ட் மாட்யூலுக்கு முன் இதைச் சரிசெய்ய வேண்டும், இல்லையென்றால் பல்பு மாற்றக் கை வைப்பவருக்கு ஷாக் அடிக்கும்.

நியூட்ரலை எங்கிருந்து எடுக்கலாம் என்பதற்கும் ஒரு வரம்பு உண்டு. அதே போர்டு பிளக் பாயின்டிலிருந்து எடுங்கள். பக்கத்து அறையிலிருந்து, வேறு சர்க்யூட்டிலிருந்து கடன் வாங்காதீர்கள். வீட்டில் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாக இறங்கும் பாதுகாப்பு சுவிட்ச்) போட்டிருந்தால், போகும் கரண்டும் திரும்பும் கரண்டும் அதன் வழியே சமமாக இருக்க வேண்டும். கடன் வாங்கிய நியூட்ரல் வேறு வழியாகத் திரும்பினால் அது டிரிப் ஆகிக்கொண்டே இருக்கும். எர்த் வயரை நியூட்ரலாகப் பயன்படுத்தும் 'சமாளிப்பு' வேலையைச் செய்ய யாரையும் விடாதீர்கள். எர்த் எங்காவது விட்டுப்போனால் ஃபிரிட்ஜ் உடம்பிலும் வாஷிங் மெஷின் உடம்பிலும் பேஸ் ஏறும்.

இப்போது கடைக்குப் போகலாம்

என் ஓட்டு, போர்டுக்குள் ஒளிந்துகொள்ளும் ரிலே மாட்யூலுக்கே. பழைய சுவிட்ச் வெளியே அப்படியே இருக்கும். அப்பா தட்டினாலும் எரியும், மொபைலில் தொட்டாலும் எரியும். கண்ணாடி டச் பேனல் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இருட்டில் தடவிப் பார்த்துச் சுவிட்ச் போட்டுப் பழகிய பாட்டிக்கு அது எரிச்சல். மரப்பெட்டியின் அளவுக்கு அது பொருந்தாமல் சுவரை இடிக்கவும் நேரும்.

நியூட்ரல் உள்ள போர்டுக்கு நியூட்ரல் தேவைப்படும் மாட்யூலையே வாங்குங்கள். 'நியூட்ரல் தேவையில்லை' என்று விற்கும் வகை, விளக்கு அணைந்திருக்கும்போதும் அதன் வழியாகச் சிறு மின்னோட்டத்தை ஓடவிட்டுத் தான் உயிர் வாழ்கிறது. 60 வாட் குண்டு பல்பில் அது தெரியாது. 9 வாட் எல்இடியில் மினுக்கலாகத் தெரியும். விளக்கோடு ஒரு பைபாஸ் கெபாசிட்டர் சேர்த்தால்தான் அடங்கும். சதுர அலை இன்வெர்ட்டரில் இவை இன்னும் தொல்லை தரும்.

நியூட்ரலே இல்லாத ஒற்றைச் சுவிட்சுக்கு மூன்று வழி. ஒன்று, குழாய் வழியே ஒரு நியூட்ரல் வயரைப் புதிதாக இழுப்பது. கன்சீல்டு பைப்பில் (சுவருக்குள் புதைத்த குழாய்) இடமிருந்தால் இதுதான் முறையான வேலை. இரண்டு, மாட்யூலை மேலே விளக்கு இருக்கும் இடத்தில் வைப்பது. நியூட்ரல் அங்கே இருக்கிறது. கீழே சுவிட்சின் இரண்டு வயரையும் கனெக்டரில் சேர்த்துவிட்டால் பேஸ் எப்போதும் மேலே போகும். சுவிட்ச் இருந்த இடத்தில் பேட்டரி வயர்லெஸ் பட்டனை ஒட்டிக்கொள்ளலாம். மூன்று, ஸ்மார்ட் பல்பு. வாடகை வீட்டுக்காரர்களுக்கு அதுவே போதும்; ஆனால் யாராவது சுவர் சுவிட்சை அணைத்துவிட்டால் பல்பு மொபைலுக்குக் கேட்காது.

எத்தனை வாட், எத்தனை ஆம்பியர் என்பதை அட்டையில் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அது குண்டு பல்பு போன்ற சுமைக்கான கணக்கு. சோக் உள்ள பழைய 40 வாட் டியூப்லைட்டை அணைக்கும்போது வரும் எகிறல் ரிலே முனையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். அந்த டியூபை 20 வாட் எல்இடி பட்டியாக மாற்றிவிட்டு மாட்யூல் போடுங்கள். தண்ணீர் மோட்டாரை இந்தச் சின்ன மாட்யூலில் மாட்டவே கூடாது. ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது எடுப்பதைப் போலக் கிளம்பும்போது பல மடங்கு இழுக்கும். அதற்குக் கான்டாக்டர் (பெரிய சுமையைத் தாங்கும் காந்த சுவிட்ச்) வேண்டும். கெய்சரும் அப்படியே, இந்தக் கட்டுரைக்கு வெளியே.

மெயின் போர்டையும் ஒரு முறை பாருங்கள்

பீங்கான் ஃபியூஸ் கட்டையில் மெல்லிய கம்பிக்குப் பதில் தடித்த தாமிர இழையை முறுக்கிப் போட்டிருப்பது நம் ஊர் வழக்கம். ஷார்ட் ஆனால் கட்டை எரியாது, மாட்யூல் எரியும். விளக்கு சர்க்யூட்டுக்கு 6 ஆம்பியர் எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானாக இறங்கும் சுவிட்ச்) போடுங்கள். வீட்டுக்கு மொத்தமாக 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லையென்றால் ஸ்மார்ட் சுவிட்ச் பட்ஜெட்டில் முதல் செலவு அதுவாக இருக்கட்டும்.

த்ரீ பேஸ் வீடுகளில் மெயின் நியூட்ரல் இணைப்பைப் பிரத்யேகமாக இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அது தளர்ந்தால் ஒரு பேஸில் விளக்கு மங்கும், இன்னொரு பேஸில் 300 வோல்ட்டையும் தாண்டி ஏறும். குண்டு பல்பு காலத்தில் ஒரு பல்பு போகும், அவ்வளவுதான். இன்று டிவி, ரௌட்டர், பத்து மாட்யூல் எல்லாம் ஒரே நேரத்தில் போகும்.

மாட்டும் வேலை

ஒரு சுவிட்ச் மாட்யூலை வைத்துச் சொல்கிறேன். நான்கு சுவிட்ச் மாட்யூலிலும் இதே தர்க்கம்.

மாட்யூலில் எல் என்று இருக்கும் இடத்துக்குப் பேஸ். விளக்கு இன்வெர்ட்டர் லைனில் இருந்தால் இங்கேயும் இன்வெர்ட்டர் பேஸையே கொடுங்கள். ஈபி பேஸைக் கொடுத்தால் கரண்ட் கட் ஆனதும் மாட்யூல் தூங்கிவிடும், இன்வெர்ட்டர் இருந்தும் விளக்கு எரியாது. என் என்ற இடத்துக்குப் பிளக் பாயின்டிலிருந்து எடுத்த நியூட்ரல். எல் அவுட் என்ற இடத்துக்கு, பழைய சுவிட்சிலிருந்து கழற்றிய விளக்கு வயர். மிச்சம் இருப்பது பழைய சுவிட்ச். அதை மாட்யூலுக்குத் தகவல் சொல்லும் பட்டனாக மாற்ற வேண்டும், மாட்யூல் கருகும் இடமும் இதுவே.

சோனாஃப் மினி போன்ற வகையில் எஸ்1, எஸ்2 என்று இரண்டு முனை. சுவிட்சின் இரண்டு காலிலிருந்தும் இரண்டு வயர் அங்கே வர வேண்டும், வேறெதுவும் அந்தச் சுவிட்சைத் தொடக் கூடாது. பழைய பேஸ் லூப்பை அந்தச் சுவிட்சிலேயே விட்டுவிட்டு எஸ் வயரையும் சேர்த்தால் மாட்யூல் உடனே போய்விடும். ஷெல்லி 1 போன்ற வகையில் எதிர்மாறு: சுவிட்சின் ஒரு காலில் பேஸ் இருக்க வேண்டும், மறு கால் மாட்யூலின் எஸ்டபிள்யூ முனைக்குப் போக வேண்டும். ஒன்றின் படத்தை வைத்துக்கொண்டு மற்றதை மாட்டாதீர்கள். பெட்டியோடு வரும் தாளைப் பார்த்துவிட்டே வேலையைத் தொடங்குங்கள்.

பேஸ் லூப்பைப் பற்றி இன்னொரு எச்சரிக்கை. நான்கு சுவிட்ச் வரிசையில் இரண்டாவதற்கு மட்டும் ஸ்மார்ட் போடுகிறீர்கள் என்றால், அதிலிருந்து லூப்பைக் கழற்றியதும் மூன்றாவதும் நான்காவதும் செத்துப்போகும். கழற்றிய இரண்டு லூப் முனைகளையும் மாட்யூலின் எல் வயரையும் மூன்று வழி லீவர் கனெக்டரில் சேர்த்துவிடுங்கள். முறுக்கி டேப் சுற்றும் வேலை வேண்டாம். மரப்பெட்டிச் சூட்டில் டேப்பின் பசை இளகி ஒரு வருடத்தில் கழன்று நிற்கும்.

சிவப்பு இண்டிகேட்டர் விளக்குள்ள சுவிட்சாக இருந்தால் மாற்றிவிடுங்கள். அந்தச் சின்ன நியான் வழியாகக் கசியும் மின்னோட்டமே மாட்யூலுக்கு 'யாரோ தட்டினார்கள்' என்று தோன்றும். நடுராத்திரியில் தானாக விளக்கு எரிகிறது என்று பயப்படுபவர்கள் முதலில் இதைப் பாருங்கள்.

பழைய வயரின் முனை கருத்திருந்தால் நல்ல உலோகம் தெரியும்வரை வெட்டுங்கள். உறை விரிந்திருந்தால் ஹீட் ஷ்ரிங்க் குழாயை ஏற்றிச் சூடாக்குங்கள். வெட்டி வெட்டி வயர் கட்டையாகிப் போனால் இழுத்துப் பிடித்து மாட்டாதீர்கள், அதே கனத்தில் ஒரு துண்டைக் கனெக்டரில் சேர்த்து நீட்டுங்கள். ஒவ்வொரு வயரையும் மாட்டியதும் விரலால் பிடித்து இழுத்துப் பாருங்கள். வரக் கூடாது.

மாட்யூலைப் பெட்டிக்குள் தொங்கவிடாமல் பக்கவாட்டில் ஒட்டி, ஷீட்டை மூடுவதற்கு முன் முதல் சோதனையைச் செய்யுங்கள். கரண்டைக் கொடுத்து, சுவர் சுவிட்சில் எரிகிறதா என்று பார்த்துவிட்டு அரை மணி நேரம் விடுங்கள். மறுபடி மெயினையும் இன்வெர்ட்டரையும் அணைத்துச் சோதித்து, கனெக்டர்களைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு தெரிந்தாலும் அந்த இணைப்பைத் திரும்பச் செய்யுங்கள்.

ஃபேன்

ஃபேனை வெறும் ஆன், ஆஃப் செய்தால் போதும் என்றால் பழைய ரெகுலேட்டர் அப்படியே இருக்கலாம். வேகத்தையும் மொபைலில் மாற்ற வேண்டும் என்றால் கெபாசிட்டர் வைத்துப் படிப்படியாக வேகம் மாற்றும் ஃபேன் மாட்யூலே வேண்டும். விளக்கை மங்கவைக்கும் டிம்மரை ஃபேனில் மாட்டினால் உறுமும், காயில் சூடாகும். ஸ்மார்ட் ஃபேன் மாட்யூல் போட்ட பிறகு பழைய ரெகுலேட்டரைக் கழற்றி எடுத்துவிடுங்கள். இரண்டும் வரிசையில் நின்றால் வேகம் கணக்குக்கு வராது.

என்னைக் கேட்டால், எண்பது வாட் இழுக்கும் பழைய ஃபேனுக்கு ஸ்மார்ட் ரெகுலேட்டர் வாங்கும் காசை, முப்பது வாட் சுற்றில் ஓடும் பிஎல்டிசி ஃபேனில் (உள்ளே மின்னணு முறையில் இயங்கும் மோட்டார் கொண்டது) போடலாம். ரிமோட் அதோடு வருகிறது. அந்த ஃபேனுக்கு எந்த ரெகுலேட்டரும் கூடாது. நேர் பேஸ் மட்டும்.

மாடிப்படி விளக்கு

கீழே ஒன்று, மேலே ஒன்று என்று இரண்டு டூவே சுவிட்ச். முறையாகச் செய்த வீட்டில் பேஸ் முதல் சுவிட்சின் நடுமுனைக்கு வந்து, இரண்டு வயர் மேலே ஏறி, இரண்டாவதன் நடுமுனையிலிருந்து விளக்குக்குப் போகும். அந்த இரண்டு வயரில் ஒன்றை நிரந்தரப் பேஸாகவும் மற்றதைச் சுவிட்ச் சைகைக்காகவும் ஆக்கி, இரண்டு இடத்திலும் பெல் புஷ் சுவிட்ச் போட்டு, விளக்கு வயர் கிளம்பும் முனையில் நியூட்ரலும் கிடைத்தால் அங்கே மாட்யூலை வைக்கலாம். ஷெல்லி 1 போல எஸ்டபிள்யூ முனை பேஸ் வாங்கும் மாட்யூலுக்கே இந்த முறை.

ஆனால் சில பழைய வீடுகளில் வயர் மிச்சம் பிடிக்க இரண்டு சுவிட்சுக்கும் பேஸையும் நியூட்ரலையும் நேரடியாகக் கொடுத்து, நடுமுனைகளுக்கு இடையே விளக்கைத் தொங்கவிட்டிருப்பார்கள். அங்கே விளக்கு அணைந்திருக்கும்போது ஹோல்டரின் இரண்டு பக்கமும் பேஸ் நிற்கக்கூடும். இப்படி இருப்பது தெரிந்தால் மாட்யூலைத் தொடாதீர்கள். முதலில் அந்த வயரிங் மாற வேண்டும்.

வைஃபை, கரண்ட் கட், கணக்கு

பெரும்பாலான மாட்யூல்களுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டுமே தெரியும். ரௌட்டரில் இரண்டு அலைவரிசையும் ஒரே பெயரில் இருந்து மாட்யூல் சேர மறுத்தால் பெயரைப் பிரித்துக்கொள்ளுங்கள். காரைக்கட்டுச் சுவர் உள்ள பெரிய வீடுகளில் பின்கட்டுவரை சிக்னல் போகாது. பத்துக்கு மேல் மாட்யூல் போடுவதாக இருந்தால் ஜிக்பீ (வைஃபைக்குப் பதிலாக வேறொரு வயர்லெஸ் முறை) வகையும் அவற்றை இணைக்கும் ஒரு ஹப்பும் நிதானமாக இருக்கும். நியூட்ரல் வாங்கும் ஜிக்பீ மாட்யூல் பெரும்பாலும் அடுத்ததற்குச் சிக்னலைக் கடத்தும். ரௌட்டரையும் ஹப்பையும் இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்ற மறக்காதீர்கள்.

ஆப்பில் முதலில் தேட வேண்டிய அமைப்பு, கரண்ட் திரும்பி வரும்போது என்ன செய்ய வேண்டும் என்பது. அதை 'ஆஃப்' அல்லது 'முன்பு இருந்த நிலை' என்று வையுங்கள். சிலவற்றில் கடையிலிருந்து வரும்போதே 'ஆன்' என்று இருக்கும். விடியற்காலை மூன்று மணிக்குக் கரண்ட் வந்தால் வீட்டு விளக்கெல்லாம் எரிந்து எல்லாரும் எழுந்து உட்கார்ந்திருப்பார்கள்.

மாட்யூல் சும்மா இருக்கும்போதும் தின்னும். ஒன்றுக்கு ஒரு வாட் என்று வைத்தால் பத்து மாட்யூலுக்கு ஒரு நாளைக்கு கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு, இரண்டு மாத பில்லில் ஏறத்தாழ 14 யூனிட். பெரிய தொகை இல்லை. ஆனால் இலவச யூனிட் வரம்புக்குள் ஓட்டுகிறவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டியது.

ஷீட்டை மூடுவதற்கு முன் கடைசியாக ஒன்று. ஒரு அட்டையில், எந்த வயர் இன்வெர்ட்டர் பேஸ், எது ஈபி பேஸ், நியூட்ரல் எங்கிருந்து எடுத்தது, எந்தச் சுவிட்சில் பேஸ் லூப் கழற்றப்பட்டது, மாட்யூலின் பெயர், மாட்டிய தேதி என்று தமிழிலேயே எழுதி ஷீட்டின் உள்பக்கம் ஒட்டுங்கள். ஐந்து வருடம் கழித்து வரும் ஒயர்மேனிடம் உங்கள் மொபைல் ஆப் இருக்காது. கழற்றிய பழைய சுவிட்ச், ரெகுலேட்டர், திறந்தபோது எடுத்த போட்டோவின் ஒரு பிரதி, இவற்றையும் ஒரு கவரில் போட்டு மெயின் போர்டுக்குப் பக்கத்தில் வையுங்கள். மாட்யூல் போன அன்று அரை மணி நேரத்தில் பழையபடி ஆக்கிக்கொள்ளலாம்.